மூடி திறந்திருந்த பக்கம்

பிப்ரவரி 4

அதுக்கில்லடி பொடிசு, உன் புத்தகம் நல்லா இல்லன்னு நான் சொல்லவே இல்லியே. நான் வாயத் திறக்கறதுக்குள்ள நீதான் போனை வெச்சுட்டே. அப்புறம் எடுக்கவும் இல்ல. அதான் பேனாவ எடுத்துட்டேன். கடுதாசின்னா பாதியில வெக்க முடியாது பாரு, அத்தை சொல்றத முழுசாக் கேட்டுத்தான் ஆகணும். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. நான் எட்டாவதோட நின்னவ.

நீ கேட்ட மாதிரியே புத்தகத்த ஆஸ்பத்திரி லாண்டரிக்கு எடுத்துட்டுப் போனேன். அழுக்காயிடக் கூடாதுன்னு ஒரு தலையணை உறைக்குள்ள போட்டுத்தான் கை மாத்திக் கை மாத்திக் குடுத்தேன். உன்னால இங்க வேலை ரெண்டு பங்காயிடுச்சு. வார்டுலேர்ந்து வர்ற அழுக்கு மூட்டைக்குள்ள இப்ப ஒருத்தியும் கைய விட மாட்டேங்கிறா. கம்பால புரட்டி, ஒவ்வொரு விரிப்பா உதறி, தேள் இல்லன்னு தெரிஞ்ச அப்புறம்தான் மிஷினுக்குள்ள போடறாளுங்க. சூப்பர்வைசரம்மா சத்தம் போட்டாங்க. அப்புறம் அவங்களே புத்தகத்த வாங்கிட்டுப் போனாங்க. மறுநாள் பாத்தா அவங்க கையிலயும் ஒரு கம்பு.

இஸ்திரி போடறவரு, "அறிவியல் ஜாஸ்திக்கா, கொட்டு கம்மி. ஆராய்ச்சிக்கூடத்துல தேள் வளர்க்கிற விதத்தையே இத்தனை பக்கம் சொன்னா நான் எப்ப பயப்படறது?"ன்னாரு. ஆனா அதுங்க வெந்நீர்க் குழாய் வழியா வீட்டுக்குள்ள ஏறுற இடத்தப் படிச்சதுலேர்ந்து அவருக்குப் பச்சத்தண்ணிக் குளியல்தானாம், அவர் சம்சாரம் சொல்லிச் சிரிக்குது. மருந்துக் கவுன்டர் பொண்ணு, விஷம் அவ்வளவு வேகமா ஏறாது, மத்தபடி நல்லா இருக்குன்னு சொல்லிச்சு. என் கருத்தையும் எழுதிக்க. உன் புத்தகத்துல கடவுளே இல்லடி. ஊரே சாகுது, ஒருத்தர்கூட கையெடுத்துக் கும்பிடல. தேள் துரத்தினா எனக்கு முதல்ல வாயில வர்றது சாமி பேருதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கிழிசல் தைக்கிறவ இருக்காளே, அவ சொன்னா, "எனக்குப் பிடிச்சது அந்தக் காப்பாளன் சாகற இடம்தான். குடிச்சுப்புட்டு தேள் பெட்டி மூடியத் திறந்து போட்டுட்டுத் தூங்கினானே, அவன் சாகட்டும்." எல்லாரும் ஆமான்னாங்க. எனக்குக் கையில இருந்த விரிப்ப மடிக்க வரல. நாலு முனையும் சேரவே இல்ல.

ஏண்டி அப்படி எழுதினே? உங்கப்பா ஆராய்ச்சிக்கூடத்துல தேள் காப்பாளரா இருந்தவருன்னு அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே.

அதவிடப் பெரிய கவலை இன்னொண்ணு. அண்ணனுக்கு விழித்திரை கிழிஞ்சு ஆபரேஷன் ஆனதத்தான் சொல்ல வந்தேன், நீ போனை வெச்சுட்டே. இப்பக் குப்புறத்தான் படுக்கணும். தலையத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் கட்டன் ரைட்டாச் சொல்லிட்டாரு. கட்டில் ஓரத்துல முகத்துக்கு ஒரு ஓட்டை விட்ட தலையணை. யாராச்சும் பேசணும்னா பக்கத்துல தரையிலதான் உக்காரணும். ஞாயித்துக்கிழமையானா அந்த உதவியாள் தம்பி வந்து உக்காந்துக்கறான். ஞாபகம் இருக்கா, அப்பாகூட வேலை பாத்தவன், தேள் கொட்டி இடது கை விளங்காமப் போச்சே, அவன்தான்.

போன திங்கக்கிழமை அண்ணனே கேட்டாரு, "ஏதோ தேள் கதை வெச்சிருக்கியாமே, எனக்கும் படியேன்." யாரு சொன்னாங்களோ தெரியல. புனைபேருல நீ எழுதினதால, யாரோ எழுதினதுன்னு சொல்லிட்டேன். தினம் கொஞ்சம் படிக்கிறேன். நாளைக்கோ மறுநாளோ அந்தக் காப்பாளன் வந்துடுவான். நான் என்னத்தப் படிக்க? கண்ணு சரியானா அவரே எடுத்துப் படிப்பாரு. மறுபதிப்பு வருதுன்னு சொன்னியே, அதுல அந்த ஒரு இடத்த மாத்திடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்.

அத்தை


பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். போனை வைத்தது என் தவறுதான். நீங்கள் "அந்தக் காப்பாளன்" என்று ஆரம்பித்ததும் மேலே கேட்க எனக்குத் தெம்பில்லை.

வாசகர் கருத்துகளுக்கு நன்றி. இஸ்திரிக்காரர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பதிப்பாளர் மறுபதிப்பின் கடைசிப் பக்கங்களில் வாசகர்கள் சொன்னதைப் போட விரும்புகிறார். இன்னும் சில கிடைத்தால் அனுப்புங்கள். அடுத்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

அந்த இடத்தை மாற்ற மாட்டேன். கறை இருக்கிறது என்று நாவலை எடுத்து வெளுத்துப் போட அது ஆஸ்பத்திரி விரிப்பு இல்லை, அத்தை. அந்தக் காப்பாளன் அப்பா இல்லை. அப்பா குடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மூடியைத் திறந்து போட்டது நான் செய்த கற்பனையும் இல்லையே. ஒரு மனிதனின் கை போனது. அப்பாவின் வேலை போனது. பள்ளிக்கூடத்தில் தேள்காரன் மகள் என்று என் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள், பையில் ஏதாவது வைத்திருப்பேனாம். அப்பா வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தார், மறுக்கவில்லை. ஆனால் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்? "மறந்துட்டேன்" என்ற ஒரே பதில். மறப்பதற்கு அது என்ன, குடையா?

கடைசிச் சண்டையில் நான் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். ஒரு மூடியை மூடத் தெரியாதவர் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நானும் போய் நிற்கவில்லை. எனக்குப் பதில் சொல்லாதவரை நான் எழுதித்தான் பார்க்க முடிந்தது. அதுவும் கூடாதென்றால் எப்படி?

நீங்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் படியுங்கள். அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

பொடிசு


பிப்ரவரி 20

பொடிசுக்கு அத்தை எழுதிக்கிறது.

விட்டுட்டுப் படின்னு சுளுவாச் சொல்லிட்டே. அந்தக் காப்பாளன் சாகலன்னா தேள் எப்படி வெளிய வரும், கதை எப்படி நகரும்? கண்ணு தெரியாதவருக்குப் புத்தி கூடவா இல்ல? சாமியக் கும்பிட்டுட்டு, அந்த இடத்த மட்டும் நானா மாத்திப் படிச்சேன். கண்ண மூடிக்கிட்டு வாயில வந்ததச் சொன்னேன். பொய் சொன்னேன்னு நினைக்காத. நான் சொன்னதுல ஒரு வரிகூடப் பொய்யில்ல.

படிச்சு முடிச்சதும் அண்ணன் அசையவே இல்ல. குப்புறப் படுத்திருக்கறவரு முகத்த நான் எங்கேர்ந்து பாக்கறது? ஓட்டை வழியா தரையத்தானே பாத்துக்கிட்டிருக்காரு. தூங்கிட்டாரோன்னு நினைச்சேன். அப்புறம், "தண்ணி குடு" ன்னாரு. உறிஞ்சிக் குடிக்கிற குழாயக் கொண்டாந்து குடுத்தேன். "மேல படி" ன்னாரு. அவ்வளவுதான்.

முழுசும் முடிஞ்சதும், நான் லாண்டரியில கருத்துக் கேட்டுக் கேட்டு எழுதறேன்னு தெரிஞ்சுக்கிட்டு, "என்னுதையும் எழுதி அனுப்பு" ன்னு பிடிவாதம். வேணாண்ணே, கண்ணு வலிக்கும்னேன். "வாய்தானே பேசப் போவுது, கண்ணுக்கு என்ன வலி" ன்னாரு. நான் என்ன பண்ண? அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதினத அனுப்பாம இருக்க மனசு வரல. மத்தவங்க சொன்னதெல்லாம் தனித் தாள்ல இருக்கு. அவருது மட்டும் இதுலயே எழுதறேன்.

"எழுதினவருக்கு வணக்கம். கண் சரியில்லாததால் என் தங்கச்சி படிக்கக் கேட்டேன். உங்க தேள் மாதிரி நெசத்துல இருந்திருந்தா நான் வேலையில சேர்ந்த அன்னைக்கே ஓடியிருப்பேன். நல்லவேளை, எங்க தேளுங்க எல்லாம் சோம்பேறிங்க. காப்பாளன் சாகற இடம் எனக்குப் பிடிச்சிருந்தது. பெட்டி திறந்திருக்கிற நேரத்துல பள்ளிக்கூடத்துலேர்ந்து போன் வருது, பிள்ளை மாடிப்படியில விழுந்துடுச்சுன்னு. அவன் மூடாம ஓடறான். அது தப்புதான். அதுக்கு அவனுக்குத் தண்டனை குடுத்தது சரி. ஆனா திரும்ப அதே போன் வந்தா திரும்பவும் ஓடுவான். அதப் புரிஞ்சு எழுதியிருக்கீங்க. உங்களுக்குப் பிள்ளை இருந்தா படியில பாத்து இறங்கச் சொல்லுங்க. இப்படிக்கு, ஒரு பழைய காப்பாளர்."

என்னைத் திட்டாத.

அத்தை


மார்ச் 1

அத்தை,

என் புத்தகத்தில் போன் எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடமே இல்லை. காப்பாளனுக்குப் பிள்ளையும் இல்லை. நீங்கள் என்ன படித்தீர்கள்?

அப்பா சொன்னதை அலுவலகத்தில் வைத்துத்தான் படித்தேன். மேசையில் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து போய்க் கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். என் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற தழும்பு பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து வந்தது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலையில் இல்லை. இரண்டும் வேறு வேறு சமயத்தில் நடந்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நீங்கள் யாரும் அப்படி இல்லை என்று சொன்னதில்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் கன்னத்தில் ஒரு பக்கம் அவர் கை சூடாக இருந்தது. மறுபக்கம் வழவழப்பாக, குளிர்ச்சியாக, ரப்பர் வாசனையோடு இருந்தது. ஒரு கையில் மட்டும் கையுறை. ஏன் ஒன்று மட்டும் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை.

போனில் கேட்கலாம்தான். ஆனால் போன் அப்பா படுத்திருக்கும் அறையில் இருக்கிறது. நீங்கள் இந்தப் பக்கம் கேட்பதற்கு அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். எழுதுங்கள், அத்தை. அடித்துத் திருத்தி எழுதினாலும் பரவாயில்லை. நடந்ததை எழுதுங்கள்.

பொடிசு


மார்ச் 6

பொடிசு,

உன் அப்பாவுக்கு நான் செஞ்சு குடுத்த சத்தியத்த மீறி எழுதறேன். ரெண்டு நாளா சாமி முன்னாடி உக்காந்து கேட்டேன். சாமி வாயத் திறக்கல. சரி, வேணாம்னா தடுத்திருக்கும்னு எடுத்துக்கிட்டேன்.

நீ நினைக்கிறதுதான். ரெண்டும் ஒரே நாள்.

அவங்க வேலையில ஒரு கட்டுப்பாடு உண்டு. பெட்டியத் திறந்தவங்கதான் மூடணும். இன்னொருத்தர் மூடியத் தொடவே கூடாது. ஏன்னா, தேள் எந்த மூலையில ஒண்டியிருக்குன்னு திறந்தவனுக்குத்தான் தெரியும். தெரியாதவன் கைய வெச்சா அங்கதான் கொட்டு விழும். அண்ணன் ஒரு பெட்டியத் திறந்து வெச்சு விஷம் எடுக்கத் தயாரா இருந்தாரு. போன் வந்துச்சு. பிள்ளைக்கு மண்டை உடைஞ்சு நினைவில்லன்னு சொல்லியிருக்காங்க. போனை எடுக்க ஒரு கையுறையக் கழட்டினாரு, இன்னொண்ணக் கழட்டவே இல்ல. அப்படியே ஓடி வந்துட்டாரு.

அந்தத் தம்பி அங்கதான் நின்னான். மூடி திறந்திருக்கறதப் பாத்தான். ஆனா அவன் திறக்கலியே, எப்படி மூடுவான்? அண்ணன் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடுவாருன்னு நினைச்சு, கட்டுப்பாட்ட மீறாம, திரும்பி நின்னு வேற வேலையப் பாத்திருக்கான். பெட்டியிலேர்ந்து ஏறி வந்த தேளு அவன் கையில கொட்டிடுச்சு. ஒழுங்கா நடந்துக்கிட்டதுக்கு அவனுக்குக் கிடைச்ச பலன் அது.

விசாரணையில ஏன் திறந்து போட்டேன்னு கேட்டாங்க. அண்ணன் மறந்துட்டேன்னு மட்டும் சொன்னாரு. நான் சண்டை போட்டேன், போன் வந்தத சொல்லேண்ணே, வேலையாவது தப்பும்னு. அதுக்கு அவரு, "சொன்னா அது ஊர் பூரா பேச்சாகும். அவ வளர்ந்த அப்புறம் எவனாச்சும் ஒருத்தன், உன்னாலதான் ஒருத்தன் கை போச்சுன்னு அவகிட்ட சொல்லுவான். அம்மா இல்லாத பிள்ளை. அதத் தூக்கிக்கிட்டு அவ எங்க போவா? என் தலையிலயே இருந்துட்டுப் போகட்டும்" ன்னாரு. அந்தத் தம்பிகிட்ட மட்டும் உண்மையச் சொன்னாரு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "பாப்பா எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். கையில கட்டோட படுத்துக்கிட்டு.

இதத்தாண்டி நான் புத்தகத்துல படிச்சேன். உன் காப்பாளன் குடிச்சுட்டுத் தூங்கற இடத்துல, இத வெச்சேன். அச்சுல போட்ட மாதிரியே இருக்கட்டும்னு நடுநடுவுல "என்றான்", "ஓடினான்" எல்லாம் சேத்துக்கிட்டேன். உங்கப்பா வாழ்நாள்ல காப்பிக்கு மேல ஒண்ணும் குடிச்சதில்ல. குடிகாரன்னு என் வாயால எப்படிப் படிப்பேன்?

நீ அழாத. அழுதா புருவத்துல அந்தத் தழும்பு சிவந்து போகும், சின்னதுலேர்ந்தே.

அத்தை


மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

மறுபதிப்பை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் வருத்தப்பட்டார். "வாசகர்களுக்குப் பிடித்த இடமே அதுதான், அதில் போய் என்ன தயக்கம்?" என்றார். வாசகர்களில் ஒருவருக்குப் பிடித்த இடம் என் புத்தகத்திலேயே இல்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

முதலில், நீங்கள் படித்ததை அப்படியே வாங்கி அங்கே வைத்துவிடலாம் என்று தோன்றியது. பிறகு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் அவர் யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்திருந்ததை நான் எடுத்து அச்சுக்குக் கொடுப்பதா? ஒன்றும் தெரியாமல் ஒரு முறை செய்தது போதாதா? அந்த உதவியாளரை நினைத்தால் இன்னும் கூசுகிறது. சின்ன வயதில் அவர் வீட்டுக்கு வந்தால் நான் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்ப்பேன். அவர் ஒவ்வொரு முறையும் என்னிடம் படிப்பைப் பற்றித்தான் கேட்பார்.

திறந்தவர்தான் மூட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை வருகிறேன். அப்பாவின் கண் தெளிந்து அவராகப் புத்தகத்தை எடுப்பதற்குள், அச்சில் இருப்பதை இருக்கிறபடியே நானே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். குடித்தான், தூங்கினான், செத்தான் என்று என் வாயால் அவர் கேட்க வேண்டும். எழுதியது நான்தான் என்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர் போ என்றால் போய்விடுகிறேன்.

அத்தை, எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரையே கொல்கிற தேளை எழுதும்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. நான் படித்து முடித்ததும் அவர் பழையபடி பேசாமல் இருந்துவிட்டால்? குப்புறப் படுத்திருப்பவரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அவரிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

பொடிசு


மார்ச் 15

பொடிசுக்கு,

உன் கடுதாசி இப்பத்தான் வந்துச்சு, மூட்டையக்கூடப் பிரிக்காம உக்காந்து எழுதறேன். லாண்டரி வண்டிக்காரரு இத இன்னைக்கே உங்க ஊர்ப் பக்கம் போறவங்ககிட்ட குடுத்து அனுப்பறேன்னிருக்காரு. நீ கிளம்பறதுக்குள்ள கைக்குக் கிடைச்சுடும்.

வா. எதுவும் வாங்கிட்டு வராத, உடம்போட வந்து சேரு. உன் கட்டில்ல மடிச்ச துணியெல்லாம் குவிச்சு வெச்சிருந்தேன், எடுத்துடறேன். முகத்த எப்படிப் பாக்கறதுன்னு கேட்டியே, அந்தக் கவலை வேணாம். இன்னைக்கிலேர்ந்து உக்காரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலையில நாற்காலியில உக்கார வெச்சேன். இத்தனை நாள் தரையையே பாத்துக் கிடந்தவரு, சுவத்தப் பாத்துட்டு, "வெள்ளையடிக்கணும் போலிருக்கே" ன்னாரு. பாதிக் கண்ணுலயே இப்படி. அப்புறம் என் தலையப் பாத்து, "உனக்கும்தான்" ன்னாரு. நக்கலுக்குக் குறைச்சல் இல்ல.

நீ வர்றத நான் சொல்லல. சத்தியம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பக்கத்த அவருக்குப் படிச்சே ஆகணுமா? வயசான மனுஷன். நான் சொன்னதையே புத்தகம்னு நம்பிக்கிட்டுச் சந்தோஷமா இருக்காரு. யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்தர் தன் மனசப் புரிஞ்சு எழுதிட்டாருன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. நேத்துகூட, "எழுதினவரு பதில் ஏதும் போட்டாரா?"ன்னு கேட்டாரு. இல்லண்ணேன்னேன். "போடுவாரு" ன்னாரு. அதப் போய்க் கெடுக்கணுமான்னு எனக்கு அடிச்சுக்குது. எதுக்கும் சாமிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீயும் வர்ற வழியில ஒரு வார்த்தை வேண்டிக்க. நம்பாட்டியும் பரவால்ல, எனக்காக.

அந்தத் தம்பி ஞாயித்துக்கிழமை வருவான், அவனுக்கும் சேத்துச் சமைக்கணும். நீ இருக்கறதப் பாத்தா அவனுக்கு...

இரு. அவனப் பத்தி எழுதறப்பத்தான் ஞாபகம் வருது. உன்கிட்ட சொல்லவே விட்டுப் போச்சு, எனக்கே இப்பத்தான் உறைக்குது. நான் அண்ணனுக்குப் படிக்க ஆரம்பிச்சேனே, அதுக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமை. எனக்கு அன்னைக்கு லாண்டரியில முழு ஷிப்ட். சாயங்காலம் வந்து பாத்தா, நான் ஊத்தி வெச்சுட்டுப் போன டீ ரெண்டு டம்ளர்லயும் ஆடை படிஞ்சு அப்படியே இருக்கு. தலையணை உறை காலியா நாற்காலியில கிடக்கு. அவன் அண்ணன் தலைமாட்டுல தரையில உக்காந்திருந்தான், மடியில உன் புத்தகம். கடைசிப் பக்கத்துல உன் போட்டோ இருக்குமே, அதுமேல விரல வெச்சிருந்தான். என்ன தம்பி பண்றேன்னு கேட்டேன். "சும்மா பாத்துக்கிட்டிருந்தேங்க்கா" ன்னான், ஆனா நாள் பூரா சத்தமாப் பேசினவனாட்டம் அவனுக்குத் தொண்டை கட்டிப் போயி சத்தமே வரல.